யார் கூற்று? ஓர் ஆங்கிலேயப் பிறப்புப் பதிவுக்கு உரை

மூலம்:

எப்போது, எங்கே பிறந்தது, பெயர், இருந்தால், ஆணா, பெண்ணா, தந்தையின் பெயரும் குடும்பப் பெயரும், தாயின் பெயரும் குடும்பப் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும், தந்தையின் தொழில், தகவல் தந்தவரின் கையொப்பம், அவர் என்ன உறவு, எங்கே குடியிருக்கிறார், பதிவு செய்த நாள், பதிவாளரின் கையொப்பம், பதிவுக்குப் பின் சேர்த்த ஞானஸ்நானப் பெயர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைகளை அரசு பதிந்துவைத்த ஏட்டின் பத்துக் கட்டத் தலைப்புகள் இவை. 1969இல் படிவம் மாறும்வரை பெரும்பாலும் இதே வரிசைதான். அதற்கு முன்பு இருந்தவை தேவாலய ஏடுகள். தாமஸ் குரோம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்றையும் எழுதிவைத்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் வேறு, பிறப்பு வேறு. அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் போன்றோரின் பிள்ளைகள் அந்த ஏடுகளுக்குள் வருவதும் இல்லை. எந்தச் சபையைச் சேர்ந்த பிள்ளையானாலும் ஏறும் ஏடு இந்தப் பத்துக் கட்ட ஏடுதான். பிரிட்டனில் தன் குடும்பத்தின் வேரைத் தேடுபவர் எவரும் முதலில் வாங்கும் காகிதமும் இதன் நகல்தான்.

அகப்பாட்டுக்கு உரை எழுதுபவர் முதல் வேலையாகக் கூற்றைச் சொல்வார்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி செவிலிக்குச் சொன்னது என்று. பேசுவது யார் என்று தெரியாமல் பாட்டுக்குள் போனால் பொருள் தவறும். இந்தப் படிவத்துக்கும் கூற்று உண்டு. அதை ஏழாவது இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதனால் உரையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏழாம் கட்டம்: தகவல் தந்தவர்

பதிவாளர் பிரசவ அறைக்குப் போனவர் அல்லர். அவர் முன் ஒருவர் வந்து நின்று சொன்னார், அவர் எழுதினார். பெரும்பாலும் வந்தவர் தாய், சில வேளை தந்தை. பிரசவத்தின்போது உடனிருந்தவர் என்று ஒரு பாட்டியோ அக்கம்பக்கத்துப் பெண்ணோ வருவதும் உண்டு. வீட்டுக்கு உரியவர் என்ற தகுதியில் ஏழைகள் விடுதியின் கண்காணிப்பாளர் வந்து சொன்ன பதிவுகளும் உண்டு; அவருக்கு அந்தத் தாயைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும்? மற்ற ஒன்பது கட்டங்களில் இருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. நடந்ததற்குச் சாட்சி என்று இந்த ஏட்டைப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒருவர் வந்து என்ன சொன்னார் என்பதற்கு மட்டுமே இது சாட்சி.

கையெழுத்துப் போடத் தெரியாதவர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி இட்டார். ‘இன்னாருடைய குறி’ என்று பதிவாளர் பக்கத்தில் எழுதினார். நம்மூர்க் கைநாட்டுதான், விரலுக்குப் பதில் பேனா. 1840களின் திருமண ஏடுகளில் மணமகன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் மணமகள்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும் இப்படிக் குறிதான் இட்டார்கள். குறியைக் கண்டதும் எழுத்தறிவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. அதிகாரி ‘இங்கே ஒரு குறி போடு’ என்று நீட்டினால், எழுதத் தெரிந்தவரும் கூச்சப்பட்டுக்கொண்டு போட்டுவிட்டுப் போயிருப்பார்.

நகல் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உள்ளூர்ப் பதிவாளர் காலாண்டுக்கு ஒருமுறை தன் ஏட்டைப் பார்த்தெழுதித் தலைமைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார். தலைமை அலுவலகம் தரும் சான்று அந்தப் பார்த்தெழுதியதன் நகல். அதில் பாட்டனாரின் கையொப்பம் என்று நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது பதிவாளரின் கையெழுத்து. பாட்டனார் கைப்பட எழுதியதே வேண்டுமென்றால் 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்குக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய கணக்குகளில் வீட்டார் நிரப்பிய தாள்கள் பொதுவாக அழிக்கப்பட்டு, கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய ஏடுகளே மிஞ்சின. 1911இல்தான் குடும்பத் தலைவர் நிரப்பிய தாளே நம் கைக்கு வருகிறது, அவருடைய அடித்தல் திருத்தலோடு.

முதற் கட்டம்: எப்போது, எங்கே

நாளும் மாதமும் ஆண்டும் இருக்கும். கூடவே மணியும் நிமிடமும் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்: இங்கிலாந்துப் பதிவில் நேரம் எழுதியிருந்தால் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகள். யார் மூத்தவர் என்பது சொத்துரிமைக்கு வேண்டியிருந்தது. ஜாதகம் கணிக்க அல்ல. அடுத்த பதிவில் இருக்கும் உடன்பிறப்பைத் தேடிப் போகலாம். ஸ்காட்லாந்தில் மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் நேரம் எழுதினார்கள்.

‘எங்கே’ என்பது தந்தையின் முகவரியாக இல்லாவிட்டால் அது தாயின் பெற்றோர் வீடா என்று பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் அங்கேயும் இருந்தது. ஒரே ஒரு தெருவும் கதவிலக்கமும் மட்டும் இருந்து, அந்த வீட்டில் அந்தக் குடும்பம் வாழ்ந்த சுவடே இல்லாவிட்டால் வேறொரு சந்தேகம் வர வேண்டும். 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்துக்குப் பின் ஊருக்கு ஊர் எழுந்த ஏழைகள் விடுதிகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இழுக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டக்கூடாது என்று, 1904 முதல் விடுதியின் பெயரை விட்டுவிட்டு வெறும் தெரு முகவரி எழுதச் சொன்னார்கள். அரசு ஏடு இரக்கத்தால் மறைத்த இடம் இது.

இரண்டாம் கட்டம்: பெயர், இருந்தால்

‘இருந்தால்’ என்பதை வேடிக்கையாக எடுக்க வேண்டாம். பெயர் வைக்குமுன் பதிந்துவிட்ட பிள்ளைகளும், வைக்குமுன் இறந்துவிட்ட பிள்ளைகளும், பதிவுகளைத் தேட உதவும் பெயர் அட்டவணையில் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் குடும்பப் பெயருக்கு அடியில் நிற்கும். தேடுபவர்கள் பலர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, 1969 வரை இந்தக் கட்டத்தில் பிள்ளையின் சொந்தப் பெயர் மட்டுமே எழுதினார்கள். குடும்பப் பெயர் கிடையாது. அது நான்காம் கட்டத்திலோ ஐந்தாம் கட்டத்திலோ இருந்து வர வேண்டும். தலைப்பெழுத்தோடு காலம் தள்ளும் நமக்கு இதில் சிரமம் தெரியாது. பிள்ளையின் பெயரையே ஆணிவேராக நினைக்கும் ஆங்கிலேயர்களுக்கு இது முதல் பார்வையில் திகைப்பு.

மூன்றாம் கட்டத்துக்கு உரை வேண்டாம்.

நான்காம் கட்டம்: தந்தையின் பெயர்

இந்தக் கட்டம் காலியாக, ஒரு கோடு மட்டும் இழுத்து இருந்தால் பெற்றோருக்கு மணமாகவில்லை. 1874ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுத்தது: மணமாகாத தந்தையின் பெயரை எழுத வேண்டுமானால், தாயும் அவரும் சேர்ந்து கேட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். தாய் மட்டும் வந்து யாரையும் கைகாட்ட முடியாது.

கட்டம் நிரம்பியிருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிடவும் கூடாது. பதிவாளர் திருமணச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில்லை. மணமானவர்கள் என்று சொன்னால் எழுதிக்கொண்டார். ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ் 1888இல் வேல்ஸில் பிறந்தார். அவருடைய தந்தையின் உண்மைப் பெயர் தாமஸ் சாப்மன். அயர்லாந்தில் மனைவியையும் பெண்மக்களையும் விட்டுவந்து, இன்னொரு பெண்ணோடு லாரன்ஸ் என்ற பெயரில் குடித்தனம் நடத்தியவர். அந்தப் பெயர்தான் பிள்ளைகளுக்கும். பதிவேட்டை மட்டும் வைத்துத் தேடுபவர் இல்லாத ஒரு லாரன்ஸ் பரம்பரையைத் துரத்திக்கொண்டு போவார்.

ஐந்தாம் கட்டம்: தாய்

என்னைக் கேட்டால் பத்துக் கட்டங்களில் மிகப் பயனுள்ளது இதுதான். பதிவாளர் மூன்று அடுக்கில் எழுதுவார்: தாயின் இப்போதைய பெயர், ‘ஃபார்மர்லி’ என்ற சொல், பிறந்த வீட்டுப் பெயர். இடையில் ‘லேட்’ என்று இன்னொரு பெயர் வந்தால், அது முந்தைய கணவரின் பெயர். அதாவது அவர் விதவையாக மறுமணம் செய்தவராக இருக்கலாம். ஒரு வரியில் இரண்டு திருமணங்களும் ஒரு பிறந்த வீடும் கிடைத்துவிடும்.

பழைய அச்சு அட்டவணைகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் சேர்ந்தது. தலைமைப் பதிவு அலுவலகம் 2016இல் வெளியிட்ட புதிய இணைய அட்டவணையில் 1837 வரை பின்னோக்கி அதைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளையும், பெயரில்லாமல் போனவர்களையும் சேர்த்து, இப்போது ஒரே தேடலில் வரிசைப்படுத்தலாம். வந்த எண்ணிக்கை சரியா என்று பார்க்க மறுபடியும் 1911 குடிக்கணக்குதான்: மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை இறந்தன என்று அதில் கேட்டார்கள். விதவைகள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பல விதவைகள் எழுதினார்கள், அலுவலக எழுத்தர் அதை அடித்துவிட்டார். அடித்ததற்குக் கீழே எண்கள் இன்னும் படிக்கும்படியாகவே இருக்கின்றன.

ஆறாம் கட்டத்துத் தொழில், ஒரே பெயருடைய இரண்டு பேரைப் பிரித்தறிய உதவும். அதற்கு மேல் அதிகம் நம்ப வேண்டாம். மணமாகாத தாயின் தொழில் மட்டும், வீட்டு வேலைக்காரி என்பதுபோல, ஐந்தாம் கட்டத்தில் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும்.

எட்டாம் கட்டம்: பதிவு செய்த நாள்

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். அட்டவணை இந்த நாளை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது, பிறந்த நாளை வைத்தல்ல. டிசம்பரில் பிறந்த பிள்ளையை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் தேடுங்கள்.

முதற் கட்டத்தையும் எட்டாம் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் எண்ணிப் பாருங்கள். நாற்பதை ஒட்டி வந்தால் சற்று யோசிக்கலாம். நாவலாசிரியை கேத்தரின் குக்சன் வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் 1906 ஜூன் 20 அன்று பிறந்தவர். பதிவில் இருப்பது ஜூன் 27. கெடு தாண்டியதற்கு அபராதம் வருமே என்று தாய் கேட் ஒரு வாரம் தள்ளிச் சொன்னதாகக் குடும்பக் கதை. கணக்கும் ஒத்துவருகிறது: 20இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 1இல் கெடு முடிகிறது, 27இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 8 வரை இடம் இருக்கிறது. பிள்ளை டேவிஸ் என்ற குடும்பப் பெயரில் பதிவாகியிருக்கிறாள். தாயோ மணமாகாதவர், ஃபாசெட் குடும்பத்துப் பெண். இரண்டாம் கட்டத்தில் குடும்பப் பெயருக்கு இடமில்லை என்றோம். நான்காம் கட்டத்தில் வராத தந்தையை எழுத முடியாது என்றோம். அப்படியானால் கேட் தன்னை ஒருவரின் மனைவி என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டிலும் ஒரு கதை ஓடியது: கேத்தரின் சிறுமியாக இருந்தபோது பாட்டி தாத்தாவைப் பெற்றோர் என்றும், கேட்டை அக்கா என்றும் நம்பி வளர்ந்தாள். பதிவாளரிடம் ஒரு கூற்று, பிள்ளையிடம் ஒரு கூற்று. இரண்டுக்கும் காரணம் ஊர் வாய்.

1875க்கு முன் பெற்றோர் தாமாக வந்து பதியாவிட்டால் தண்டனை இல்லை. பதிவாளர்தான் தேடிப் போக வேண்டும். விடுபட்டவர்கள் அதிகம். பின்பும் விடுபட்டார்கள். சார்லி சாப்ளின் 1889இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். 1952இல் பிரிட்டிஷ் உளவுத்துறை, சான்றுகள் இருந்த சாமர்செட் ஹவுஸில் துழாவியும் அவருடைய பதிவு அகப்படவில்லை. உளவுத்துறைக்கே கிடைக்காத சான்று நமக்குக் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

ஒன்பதும் பத்தும்

பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார்; வட்டார உச்சரிப்பு எழுத்தாக மாறியது. ஒரே குடும்பம் நாலு பிள்ளைக்கு நாலு விதமாகக் குடும்பப் பெயரை எழுதியிருப்பது இதனால்தான். பத்தாம் கட்டம் பெரும்பாலும் காலி. காலியாக இல்லாவிட்டால், பிள்ளை பிற்பாடு எந்தப் பெயரில் வாழ்ந்தது என்பதற்கு அதுதான் சாவி.

பதிவேட்டின் ஓரத்தையும் படிக்க வேண்டும். பிறகு செய்த திருத்தங்கள் அங்கே இருக்கும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டால் பிள்ளையை மறுபடியும் பதியலாம்; பல ஆண்டு கழித்து அதே பிள்ளைக்கு இரண்டாவது பதிவு வரும்.

இந்தப் படிவத்தைவிட நல்ல படிவம் ஒன்றும் இருந்தது. ஸ்காட்லாந்து 1855இல் தொடங்கியபோது பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமண நாள், முன் பிறந்த பிள்ளைகள் என எல்லாவற்றையும் கேட்டது. எழுதி மாளவில்லை, அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். திருமண நாள் மட்டும் 1861இல் திரும்பி வந்தது. ஸ்காட்லாந்துக்காரருக்கு 1855இல் பிறந்த ஒரு மூதாதை இருந்தால் லாட்டரி அடித்த மாதிரி.

சென்னையில் பிறந்த ஆங்கிலேயப் பிள்ளைக்கு இந்தப் பத்துக் கட்டச் சான்றைத் தேடுவது வீண். அதற்குத் தேவாலய ஏடுகள்தான். கோட்டைக்குள் 1680இல் திறந்த புனித மேரி ஆலயம் உள்ளிட்ட இடங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களோடு இருக்கின்றன. அங்கே ஏழாம் கட்டம் என்று ஒன்று கிடையாது. கூற்று யாருடையது என்று நாமே ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் தந்தையுடையது. கம்பெனி காலத்து ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் தந்தையின் பெயரும் பதவியும் இருக்கின்றன. தாய் இந்தியப் பெண் என்றால் பெயரே இல்லை, அல்லது ‘சுதேசிப் பெண்’ என்பதோடு சரி. நம்மவர்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் பலர் வந்து முட்டி நிற்கும் சுவர் இதுதான். அவர்களுக்கு நான் சொல்வது, அந்தத் தந்தையின் உயிலைத் தேடுங்கள் என்பது. ஞானஸ்நானத்தின்போது சொல்லாத பெயரைச் சாகும் காலத்தில், அவளுக்கு இத்தனை பணம் கொடுக்கவும் என்ற வரியில், சிலர் சொல்லியிருக்கிறார்கள்.