ஐந்து சொற்களுக்காக ஒரு போராட்டம் - எலிசபெத் செல்பர்ட்



"ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்." ஜெர்மன் மொழியில் இந்த வாக்கியம் ஐந்தே சொற்கள்தான். இன்று படிக்கும்போது, 'இதில் என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றும். ஆனால் இது ஜெர்மனியின் அரசியலமைப்புச் சட்டத்தில் இடம்பெற ஒரு பெண் கடுமையாகப் போராட வேண்டியிருந்தது. அவர்தான் எலிசபெத் செல்பர்ட்.

1896-ல் காசல் நகரில், வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின்போது தந்தித் துறையில் வேலை பார்த்தார். 1918-ல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். திருமணமாகி இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, பள்ளி இறுதித் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். பிறகு சட்டம் படித்து, 1930-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்! ஹிட்லர் ஆட்சியில் பெண்கள் வழக்கறிஞராவதற்குக் கதவு அடைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 1934 டிசம்பரில் இவருக்கு அனுமதி கிடைத்தது. நாஜிகளால் கணவர் வேலை இழந்திருந்ததால், இவர் வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

போருக்குப் பின் 1946-ல் ஹெஸ்ஸன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1948-ல் மேற்கு ஜெர்மனிக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுத பான் நகரில் ஒரு மன்றம் கூடியது. வாக்குரிமை உள்ள 65 உறுப்பினர்களில் பெண்கள் நான்கே பேர். அவர்களில் செல்பர்ட்டும் ஒருவர்.

1919-ம் ஆண்டின் பழைய அரசியலமைப்பிலும் சமத்துவம் இருந்தது. ஆனால் 'அடிப்படையில்' ஆணும் பெண்ணும் சமமான 'குடிமக்கள் உரிமை' உடையவர்கள் என்றுதான் அது சொன்னது. அதாவது வாக்குச்சாவடியில் சமம், வீட்டில் இல்லை! அன்றைய குடும்பச் சட்டப்படி மணவாழ்க்கை விஷயங்களில் கணவர் வைத்ததே முடிவு. அதனால்தான் எந்த நிபந்தனையும் இல்லாத ஒரு வாக்கியத்தை செல்பர்ட் கேட்டார்.

எதிர்ப்பு வந்தது. "இதை ஏற்றால் குடும்பச் சட்டமே செல்லாமல் போய்விடுமே!" என்றார்கள். அதை மாற்ற வேண்டும் என்பதுதானே அவர் நோக்கம்! 1948 டிசம்பரில் அவருடைய வாக்கியம் தோற்றது. செல்பர்ட் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கப் பெண்கள், மாநிலச் சட்டமன்றப் பெண் உறுப்பினர்கள் எனப் பலரிடமிருந்தும் பான் நகருக்குக் கண்டனங்கள் குவிந்தன. 1949 ஜனவரி 18-ல் அதே வாக்கியம் ஒருமனதாக நிறைவேறியது!

கதை இங்கே முடியவில்லை. முரண்பட்ட சட்டங்களைத் திருத்த 1953 மார்ச் 31 வரை கெடு தரப்பட்டது. நாடாளுமன்றம் அதைத் தவறவிட்டது. திருத்தச் சட்டம் 1958-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும், பிள்ளைகள் விஷயத்தில் தந்தையின் சொல்லே இறுதி என்று இருந்தது. 1959-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எதை வைத்து? அந்த ஐந்து சொற்களை வைத்துத்தான்!

வெற்றி தேடித் தந்த செல்பர்ட்டுக்குக் கிடைத்தது என்ன? மத்திய நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதி பதவியும் கிடைக்கவில்லை. 1958 வரை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, காசலில் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்தார். 1986-ல் மறைந்தார்.

ஒரு வரியை எழுதிவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது, உண்மைதான். ஆனால் அந்த வரி இல்லையென்றால், நீதிமன்றப் படியேறும் பெண் எதைக் காட்டி வாதாடுவாள்? யோசித்துப் பாருங்கள்.