காட்டில் ஒரு வீடு: ஸ்ட்ரிக்லாண்ட் சகோதரிகளின் முடியாத வேலைகள்

1832ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வளர்ந்த இரண்டு சகோதரிகள் தனித்தனிக் கப்பல்களில் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். மூத்தவர் கேதரின் பார் ட்ரெயில், இளையவர் சூசன்னா மூடி. இருவரும் அதற்கு முன்பே எழுத்தாளர்கள். இருவரின் கணவர்களும் அரைச் சம்பளத்தில் ஓய்விலிருந்த இராணுவ அதிகாரிகள். இங்கிலாந்தில் மரியாதையோடு வாழ வருமானம் போதவில்லை. கனடாவில் நிலம் கிடைக்கும் என்றார்கள். இன்றைய ஒண்டாரியோவில், டொராண்டோவுக்கு வடகிழக்கே, பீட்டர்பரோவை அடுத்த டூரோ என்ற காட்டுப் பகுதியில் இரு குடும்பங்களும் சில ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. ட்ரெயில் முதலிலும் மூடி 1834இலும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இவர்களின் தம்பி சாமுவேல் 1825இலேயே போய்விட்டவர். லேக்ஃபீல்ட் என்ற ஊரை நிறுவியவர் என்று அவரை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே காடு. தம்பி ஊரை நிறுவினார். அக்காமார் குடித்தனம் நடத்தினார்கள். இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் கொஞ்சம் அளந்துபார்க்க விரும்புகிறேன்.

அன்றைய குடியேற்ற விதிகளில் ‘குடியேற்றக் கடமைகள்’ என்று ஒன்று இருந்தது. இத்தனை ஏக்கர் காடு வெட்ட வேண்டும், குடியிருக்க வீடு கட்ட வேண்டும். பிறகே நிலம் முழு உரிமையாகும். மரம் விழுந்தால் அதை எண்ணலாம். சுட்ட ரொட்டியை யார் எண்ணுவது? அது சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது.

அந்த ரொட்டியை எடுத்துக்கொள்வோம். கடையில் ஈஸ்ட் வாங்கும் காலமில்லை அது. ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைக் கொதிக்கவைத்து, அந்த நீரில் மாவோ உருளைக்கிழங்கோ கலந்து நுரைக்கவிட வேண்டும். பனிக்காலத்தில் அது உறைந்துபோகாமல் இரவெல்லாம் காக்க வேண்டும். உறைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். (டொராண்டோ குளிரில் இட்லி மாவு பொங்கவில்லையே என்று மாவுப் பாத்திரத்தைப் போர்த்திவைக்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பிறகு இரும்புச் சட்டியில் மாவை வைத்து, அடியிலும் மூடியின் மேலும் தணலைப் போட்டுச் சுட வேண்டும். மூடியின் முதல் ரொட்டி கருகிப்போனது. அதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

சோப்பின் கதை இதைவிடச் சிக்கலானது. வன்மரச் சாம்பலைப் பீப்பாயில் நிரப்பி, மேலே நீர் ஊற்றி, அடியில் சொட்டும் காரநீரைப் பிடிக்க வேண்டும். அது தோலை அரித்துவிடும். குளிர்காலம் முழுவதும் சேர்த்துவைத்த கொழுப்போடு அதைக் காய்ச்சினால் சோப்பு. ஆனால் வெட்டிய மரங்களை எரித்த அதே சாம்பலிலிருந்துதான் பொட்டாஷும் எடுத்தார்கள். பொட்டாஷ் விற்பனைக்குப் போனது. அதனால் அது அந்தக் குடியேற்றத்தின் பொருளாதார வரலாற்றில் இடம்பெறுகிறது. சோப்பு வீட்டிலேயே கரைந்தது. அது வெறும் வீட்டுவேலை. ஒரே சாம்பல்தான்.

சோப்பு இருந்தால் போதுமா, துவைக்கத் தெரிய வேண்டுமே. பணிப்பெண் இல்லாத ஒரு நாளில் மூடி தன் குழந்தையின் துணிகளைத் துவைக்க முயன்றார். மணிக்கட்டின் தோல் உரிந்தது, அழுக்குப் போகவில்லை. அதைப் பார்த்த அண்டை வீட்டுக்காரி, கடைசியில் நீயும் வேலைக்கு வந்தாயே என்று மகிழ்ந்தாராம். அந்த மகிழ்ச்சியை மூடி கொடூரம் என்று எடுத்துக்கொள்கிறார். எனக்கு அந்த அண்டை வீட்டுக்காரியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. வாழ்நாளெல்லாம் துவைத்தவர் அவர்.

ட்ரெயில் வேறு சுபாவம். 1854இல் குடியேறும் பெண்களுக்கான கையேடு ஒன்றை வெளியிடத் தொடங்கினார். ஆண்களுக்கு வழிகாட்டி நூல்கள் உண்டு, பெண்களுக்கு இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். ரொட்டி, சோப்பு, மெழுகுவத்தி, மேப்பிள் சர்க்கரை எல்லாவற்றுக்கும் அதில் செய்முறை உண்டு. தொனி நிதானமானது, உற்சாகமானது. ஆனால் எழுதியவரின் வாழ்க்கையில் அந்த நிதானம் இருக்கவில்லை. ஒன்பது பிள்ளைகள் பெற்றவர், கடனால் வீடு மாறி வீடு மாறிப் போனவர். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கையேடு வந்த சில ஆண்டுகளில், 1857இல், குடியிருந்த வீடும் எரிந்துபோனது.

மூடி தன் நூலை 1852இல் வெளியிட்டு, இங்கிலாந்திலிருந்த அக்கா ஆக்னஸுக்குக் காணிக்கையாக்கினார். ஆக்னஸ் ஸ்ட்ரிக்லாண்ட் இங்கிலாந்து அரசிகளின் வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்றவர். பன்றிக் கொழுப்பும் கரிச்சட்டியும் நிறைந்த நூலில் தன் பெயரைப் பார்த்து அவர் மனம் கசந்தார். மறு ஆண்டு தம்பியின் கனடா நினைவுகள் வெளிவந்தன. பதிப்பித்தவர் அதே ஆக்னஸ்.

1837 இறுதியில் மேல் கனடாவில் கலகம் வெடித்ததும் மூடியின் கணவர் படைக்குப் போய்விட்டார். கடனும் குழந்தைகளும் பயிரும் சூசன்னாவின் பொறுப்பாயின. பகலில் வயல். இரவில், மெழுகுவத்திக்குக் காசில்லாமல், கந்தலைத் திரித்துப் பன்றிக் கொழுப்பில் தோய்த்துப் புட்டியின் வாயில் செருகி ஏற்றிக்கொண்டு, மாண்ட்ரியல் இதழொன்றுக்குக் கதைகள் எழுதினார். அந்தப் பணம் வீட்டுக்கு வேண்டியிருந்தது. கணவருக்கு வேலை கேட்டு ஆளுநருக்கு மனு எழுதியதும் அவரே. கணவருக்கு ஷெரிஃப் பதவி கிடைத்தது. நிலம் கணவர் பெயரில். மணமான பெண் தன் பெயரில் சொத்தை முழுமையாக ஆள ஒண்டாரியோவில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. மூடி இறந்தது 1885இல்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அது வெறும் காடு அல்ல. மிசிசாகா மக்களின் நிலம். 1818 உடன்படிக்கையின் பெயரால் அது பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போனது. ட்ரெயிலின் கையேட்டில் ஏரியில் விளையும் காட்டரிசிக்கும் இடம் உண்டு. அந்த அரிசியை அறுவடை செய்து பதப்படுத்தி வந்தவர்கள் அந்த மண்ணின் பெண்கள். புதிதாக வந்தவருக்குப் ‘புது வீடு’. அவர்களுக்கு அது பறிபோன வீடு.

மூடியின் வீட்டில் ஜென்னி என்ற முதிய ஐரிஷ் பணிப்பெண் இருந்தார். முந்தைய எசமானர் ஆண்டுக்கணக்கில் கூலி தராமல் விட்டவர். மூடியோடு சேர்ந்து வயலில் பாடுபட்டார், விறகு வெட்டினார். அந்த எண்ணெய்ப்பசை விளக்கடியில் மூடி எழுத முடிந்ததென்றால், பகலில் பாதி வேலையை ஜென்னி செய்திருந்தார். அவரை நாம் மூடியின் சொற்களில்தான், பெரும்பாலும் சிரிப்பூட்டும் பாத்திரமாகத்தான் பார்க்கிறோம். 1840இல் காட்டைவிட்டுப் பெல்வில் நகரத்துக்கு வீடு மாறுகிறார்கள். பெட்டியில் இடமில்லை. ஜென்னி தன்னிடமிருந்த மூன்று தொப்பிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பனிச்சறுக்கு வண்டிக்கு வந்து நிற்கிறார்.