தடையா, பிழையா? ஸ்ட்ரெப்டோமைசின் கொல்லும் முறை

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் மூன்றையும் புரதச் சேர்க்கையைத் தடுக்கும் மருந்துகள் என்று பாடநூல்கள் ஒரே வகையில் அடக்கிவிடுகின்றன. மூன்றும் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பின்னிரண்டும் பெரும்பாலான பாக்டீரியாக்களின் வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி. மருந்து நீங்கினால் அவை மீண்டும் பெருகும். ஸ்ட்ரெப்டோமைசினோ கொன்றுவிடுகிறது. தடைதான் சாவுக்குக் காரணமென்றால் மூன்றும் ஒருபோலக் கொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினின் கொல்லும் திறன் பிழையான புரதங்களிலிருந்து பிறக்கிறது என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான சான்று பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. குளோராம்பெனிக்காலை முன்னதாகக் கொடுத்துப் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டால், பின்னர் சேர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசினால் பாக்டீரியாவைக் கொல்ல முடிவதில்லை. முழுத் தடை அந்த உயிரியைக் காப்பாற்றுகிறது! அது சாக வேண்டுமென்றால் ரைபோசோம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படி இயங்கும்போது என்ன நேர்கிறது? ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கையில் ரைபோசோம் கோடான்களைத் தவறாகப் படித்து, பொருந்தாத அமினோ அமிலங்களைக் கோக்கிறது என்பதை டேவிஸ், கில்பர்ட், கோரினி ஆகியோர் 1964இல் காட்டினர். பிழையான புரதங்கள் செல் சவ்வில் போய்ப் பதிந்து அதைச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவின் வழியே மேலும் மருந்து உள்ளே பாய்கிறது என்பது பெர்னார்ட் டேவிஸ் (முன்சொன்ன டேவிஸ் அல்லர்) தந்த விளக்கம். குளோராம்பெனிக்கால் ஏன் காப்பாற்றுகிறது என்பதும் இதில் விளங்கிவிடுகிறது: புரதமே இல்லாதபோது பிழையான புரதம் ஏது?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு, ரைபோசோமின் 30எஸ் துணையலகில் ஸ்ட்ரெப்டோமைசின், பாரோமோமைசின், ஸ்பெக்டினோமைசின் அமர்ந்திருக்கும் அமைப்பை 2000இல் வெளியிட்டது. சரியான கடத்து ஆர்.என்.ஏ. வந்து பொருந்தும்போது அத்துணையலகின் ஆர்.என்.ஏ.வில் 1492, 1493ஆம் இடங்களிலுள்ள இரு அடினைன்கள் வெளியே திரும்பி அந்தப் பொருத்தத்தைச் சோதிக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் வகையைச் சேர்ந்த பாரோமோமைசின் அவற்றை முன்கூட்டியே வெளியே தள்ளிவிடுவதால், ஏறக்குறையப் பொருந்துவதும் ஏற்கப்பட்டுவிடுகிறது. ஸ்பெக்டினோமைசினும் அதே துணையலகில்தான் அமர்கிறது; ஆயினும் அது பிழையை உண்டாக்காமல் ரைபோசோமின் நகர்வை மட்டும் நிறுத்துகிறது. அதனால் பொதுவாக வளர்ச்சி நிற்கிறது, சாவு நேர்வதில்லை. என் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு இல்லை.

மறுப்பும் உண்டு. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே போன்ற சிலவற்றைக் குளோராம்பெனிக்காலே கொல்கிறது. ஆகவே தடை ஒருபோதும் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வகையின் செயலைத் தடையாக மட்டும் பார்த்தால் அதன் வேகமும் மீளாத் தன்மையும் விளங்காமல் போகும் என்பதே என் கூற்று.

மருத்துவர் கருத வேண்டியது இன்னொன்று. நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஒத்தது. அதன் 12எஸ் ஆர்.என்.ஏ.வில் 1555ஆம் இடத்து அடினைன் குவானைனாக மாறியவர்களிடம் அந்த ஒற்றுமை கூடிவிடுகிறது. இவ்வகை மருந்தால் அவர்கள் செவித்திறனை இழக்கக்கூடும். 1993இல் கண்டறியப்பட்ட இம்மாற்றம் தாய்வழியே வருவது. ஆதலால் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தொடங்குமுன், தாய்வழி உறவில் எவருக்கேனும் ஊசிக்குப் பின் காது கேளாமல் போனதா என்று விசாரிக்க வேண்டும்.