பொதிவடியின் வரலாறும் கருனியின் காவலும்

கணினி வலையமைப்பிலே செல்லும் செய்தி யாவும் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்லும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இன்ன வகைச் செய்தி என்னுங் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். வரும் பொதிகளுள் வேண்டியதை ஏற்று வேண்டாததை ஒதுக்கும் உறுப்பே பொதிவடி. இத்தொழில் எளிதெனத் தோன்றினும், அது கணினியுள் எவ்விடத்து நிகழவேண்டும் என்னும் வினா நாற்பதாண்டுக்கு மேற்பட்டதொரு வரலாற்றைத் தோற்றுவித்தது.

இயக்க முறைமையின் நடுவிடம் கருனி எனப்படும். நினைவகம், வட்டு, வலையமைப்பு யாவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. பயனாளரின் நிரல்கள் அதற்குப் புறத்தே நிற்பன. அவற்றுள் ஒன்று பிழைபடின் அதுவே வீழும். கருனியுட் பிழை நேரின் பொறி முழுவதும் வீழும். ஆதலின் பிறர் நிரலைக் கருனியுட் புகவிடலாகாது என்பது பொது விதி. ஆயின், புறத்தே நிற்கும் நிரலே பொதிகளை வடிப்பதாயின், வேண்டாத பொதிகளையும் கருனி ஒன்றொன்றாகப் படியெடுத்து வெளியே கொடுத்தல் வேண்டும். அப்படியெடுப்பிலே பொறியின் காலம் வீணாகும். காவலைப் பேணின் விரைவு கெடும். விரைவை நாடின் காவல் கெடும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு யூனிக்ஸ் முறைமையில் முதன்முதல் வழி கண்டவர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மைக் அக்செற்றா, றிக் ரஷீத் என்னும் இருவர். ஆண்டு 1980. அவர்கள் புறநிரலைப் புகவிடவில்லை. புறநிரல் எழுதிக் கொடுத்த விதியை மட்டும் புகவிட்டனர். விதி மிகச் சிறியதொரு மொழியில் அமைந்தது. அதனைக் கருனியே படித்து நிறைவேற்றிற்று. இக்கருத்தின் அருமை இன்றும் போற்றத்தக்கது. ஜெஃப்ரி மோகலுடன் சேர்ந்து அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1987இல் வெளிவந்தது.

எனினும் அம்மொழியிற் குறைகள் இருந்தன. பி.டி.பி.-11 என்னும் பழைய பொறிக்கேற்ப, அஃது எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுக்கும் முறையில் அமைந்தது. பின்வந்த பொறிகளிலோ கணிப்புறுப்பு நினைவகத்தை விஞ்சி விரைந்தமையின், அடுக்கிவைக்கவும் எடுக்கவும் நினைவகத்தை நாடுவதே பெருந்தடையாயிற்று. அன்றியும், நீளம் மாறும் தலைப்பைக் கடந்து அதன் உள்ளிருக்கும் தலைப்பை நோக்க அம்மொழியில் வழியில்லை.

பொதிகளைக் கண்ணுற்று ஆராயவேண்டிய தேவை எத்துணைக் கடியது என்பதை 1986 ஒக்டோபர் உணர்த்திற்று. லோறன்ஸ் பேக்கிலி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேக்கிலி வளாகத்துக்கும் இடைத்தூரம் 400 யார். அவற்றிடையே செக்கனுக்கு 32,000 பிற்று அளவில் ஓடிய செய்தி திடீரென 40 பிற்று அளவுக்கு வீழ்ந்தது. வலையமைப்பு தன் நெருக்கத்தினாலேயே நெரிந்துபோயிற்று. காரணத்தை ஆராய்ந்து மருந்து கண்டவர் அவ்வாய்வுகூடத்து வான் ஜேக்கப்சன். கம்பியில் ஓடுவதைக் காணாமல் இத்தகைய நோய்களை அறிதல் அரிது. அவரும் கிரெய்க் லெரஸ், ஸ்ரீவன் மக்கேன் ஆகியோரும் இயற்றிய ரிசிபிடம்ப் என்னும் நோக்குகருவி அவ்வகைத் தேவைக்கே உரியது.

அக்கருவிக்கு அடித்தளமாக ஜேக்கப்சனும் மக்கேனும் அமைத்த புதிய பொதிவடி, பி.எஸ்.டி. பொதிவடி எனப் பெயர்பெற்றது. அதுபற்றிய கட்டுரை 1993 சனவரியில் சான் டியேகோ நகரில் நிகழ்ந்த யூசெனிக்ஸ் மாநாட்டிற் படிக்கப்பட்டது. விதியை மதிப்பிடுவதில் அது பழைய வடியினும் 20 மடங்கு வரையும், முழுவேலையில் சன் நிறுவனத்தின் அமைப்பினும் 100 மடங்கு வரையும் விரைவுடையது என அவர்கள் அளந்து காட்டினர்.

அதன் சிறப்பு விரைவில் மட்டும் இல்லை. கருனி அதற்கு அளித்த துணைச்செயல்களிலும் உண்டு. பொதி வந்தவுடன் வலையமைப்பு அட்டையின் இயக்கி ஒரு துணைச்செயலை அழைக்கும். அது பொதியை இருந்த இடத்திலேயே வைத்து விதியோடு ஒப்புநோக்கும். பி.எஸ்.டி. கருனியிற் பொதி ஒரே தொடராக இராமல் நினைவகத் துண்டுகளின் சங்கிலியாகவும் இருக்கும். ஓர் எண்ணின் பாதி ஒரு துண்டிலும் மறுபாதி அடுத்த துண்டிலும் கிடப்பின், அவற்றைக் கூட்டித் தருவது வேறொரு துணைச்செயல். விதி பொதியின் எல்லைக்கு அப்பால் நோக்க முயலின் பொதி உடனே ஒதுக்கப்படும். விதி ஏற்ற பொதியில், அது குறித்த அளவு மாத்திரமே படியெடுக்கப்படும்.

யாவற்றினும் முதன்மையானது நுழைவாயிற் சோதனை. விதியிலே தாவல் யாவும் முன்னோக்கியே செல்லவேண்டும். பின்னோக்கித் தாவல் ஆகாது. ஆகவே அது முடிவின்றிச் சுழலமாட்டாது. இறுதிக் கட்டளை, முடிவு கூறுங் கட்டளையாகவே இருத்தல் வேண்டும். குறிப்பெழுத அதற்களித்த இடம் 16 எண்ணளவே. மொழியின் வறுமையே கருனிக்கு அரணாயிற்று.

லினக்ஸ் முறைமையில் 2014இல் வெளிவந்த விரிவு இவ்வறுமையைப் பெரிதும் நீக்கிற்று. அலெக்சி ஸ்ராறவோயிற்றொவ் முதலியோர் முயற்சியால், புதிய மொழி கருனியின் துணைச்செயல்களைத் தானே அழைக்கவும், பட்டியல்களில் எண்களைச் சேமிக்கவும் வல்லதாயிற்று. 2019இல் எல்லையுள்ள சுழற்சியும் அதற்கு இசைவளிக்கப்பட்டது. அதற்கேற்பச் சோதனையும் மிகச் சிக்கலாயிற்று. 2020இல் அச்சோதனையின் எண்ணெல்லைக் கணிப்பிலே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பிழை, சாதாரணப் பயனாளர் கருனியின் உரிமையைக் கைப்பற்ற இடமளித்தது. பின்னர்ப் பல லினக்ஸ் வெளியீடுகள் புதிய மொழியின் வாயிலைச் சாதாரணப் பயனாளருக்கு அடைத்துவிட்டன. பேக்கிலியிற் பிறந்த பழைய சிறுமொழிக்கோ அத்தடை இல்லை. அதில் எழுதிய வடியைத் தம் இணைப்புக்குப் பூட்டச் சிறப்புரிமை ஒன்றும் வேண்டுவதில்லை.