எல்லைக்கோடும் திராட்சைக்கொடியும்: சம்பேன் பிரதேசம், 1908–1927

ஒரு பிரதேசத்தின் விளைபொருளை அதன் மண்ணும் காலநிலையுமே நிர்ணயிக்கின்றன என்பது புவியியல் நூல்களில் நெடுங்காலம் நிலவிய கருத்து. அதனை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. ஆயின் அம்மண்ணுக்கு எல்லை வகுப்போர் யாவர் என்ற வினாவும் உடன் எழுப்பப்படவேண்டும். பிரான்சின் சம்பேன் பிரதேசம் இதற்குத் தக்க சான்றாகும்.

இயற்கையின் பங்கை முதலில் நோக்குவோம். ஏறத்தாழ 49 பாகை வட அகலக்கோட்டில், திராட்சைச் செய்கையின் பழைய வடவெல்லைக்கு அண்மையில் இப்பிரதேசம் அமைந்துள்ளது. குளிர் மிகுதியால் பழத்தில் இனிப்புக் குறைந்து புளிப்பு மேலோங்கிற்று. றேம்ஸ், எப்பர்னே நகரங்களை அடுத்த சரிவுகளில் வெண்சுண்ணப் பாறை மழைநீரை உறிஞ்சி வைத்து, வறட்சியிற் கொடிக்கு வழங்குகின்றது. குளிர்காலத்தில் இடைநின்ற நொதித்தல் இளவேனிலில் மீண்டும் தொடங்க, மதுவில் வாயு தேங்கிற்று. நுரை முன்னர் ஒரு குறையாகவே கருதப்பட்டது. தடித்த போத்தலும் தக்கையும் நிலவறைகளும் மூலதனமுமே அதனை விலையுயர்ந்த பண்டமாக்கின. அம்மூலதனம் கமக்காரரிடம் இருக்கவில்லை. வணிக நிறுவனங்களிடமே இருந்தது.

கமக்காரர் பழத்தை விற்றனர். விலையை வணிகர் வைத்தனர். புகையிரதம் வந்தபின், வெளிப்பிரதேசங்களின் மலிவான மதுவை வருவித்துச் சம்பேன் என்ற பெயரில் விற்பதும் சிலருக்கு எளிதாயிற்று. இதனைத் தடுக்கவே 1908 டிசம்பரில் அரசு எல்லை வகுத்தது. மார்ண் மாவட்டம் உள்ளடக்கப்பட்டது. ஓப் மாவட்டம் விலக்கப்பட்டது. ஓப்பின் களிச்சுண்ண மண் பர்கண்டியைச் சேர்ந்த சப்லியின் மண்ணை ஒத்தது என்பது உண்மையே. ஆயினும் பழைய சம்பேன் கோமகன்களின் தலைநகரான துறுவா அம்மாவட்டத்திலேயே உள்ளது! பாறை ஒன்று கூற, வரலாறு வேறொன்று கூறிற்று.

1910இல் நோயாலும் தீய காலநிலையாலும் விளைச்சல் பெரிதும் அழிந்தது. 1911 சனவரியில் மார்ண் கமக்காரர் வெளியிடத்து மதுவை ஆற்றிற் கொட்டினர். ஓப் மாவட்டத்தாரோ வரி செலுத்த மறுத்து, தாமும் சம்பேனியரே என ஊர்வலம் சென்றனர். ஏப்பிரில் 11இல் செனற் சபை எல்லை வகுப்பைக் கைவிடுமாறு தீர்மானித்ததும், ஆயி நகரில் வணிகரின் மாளிகைகளும் களஞ்சியங்களும் தீக்கிரையாயின, படை அனுப்பப்பட்டது. ஒரே வர்க்கத்தினரான இரு மாவட்டக் கமக்காரரை ஒரு கோடு எதிரெதிரே நிறுத்திற்று என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி என்போம். யூனில் ஓப்புக்கு ‘இரண்டாம் வலயம்’ என்ற தகுதி கிடைத்தது; முழு உரிமை 1927ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது.

1959இல் பிரெஞ்சுத் திராட்சையின் வரலாற்றை எழுதிய ரோஜர் தியோன், மண்ணைவிடச் சந்தைக்கும் நீர்வழிக்கும் மனித உழைப்புக்கும் முதன்மை அளித்தார். அவர் வாதத்திற்கு இப்பிரதேசம் வலுவூட்டுகின்றது. இன்று காலநிலையே அக்கோட்டை அசைக்கத் தொடங்கியுள்ளது. முன்னர் பெரும்பாலும் செப்தெம்பரில் நிகழ்ந்த அறுவடை 2003, 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் ஓகஸ்ற்றிலேயே தொடங்கிற்று. 2015இல் சம்பேன் நிறுவனமொன்று இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துச் சுண்ண நிலத்தை வாங்கியது.