ஸுக்கா: யூதர்களின் ஏழு நாள் குடில்

யூதர்களின் திஷ்ரி மாதம் 15-ஆம் நாள், நிறைநிலவு இரவில் ஸுக்கோத் பெருநாள் தொடங்குகிறது. ஆங்கில மாதக் கணக்கில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். விளைச்சல் வீடு வந்து சேர்ந்த காலம் அது. சரியாக அந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறி, ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும் என்பது யூத வேதத்தின் லேவியர் ஆகமத்தில் உள்ள கட்டளை. அந்தக் குடிலுக்கு ஸுக்கா என்று பெயர். அதன் பன்மைதான் ஸுக்கோத்.

மூஸா (அலை) அவர்களுடன் எகிப்திலிருந்து வெளியேறிய பனூ இஸ்ராயீல்கள் பாலைவனத்தில் தங்கியதன் நினைவு இது. எதில் தங்கினார்கள் என்பதில் யூத அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. குடில்களில்தான் என்றனர் ஒரு சாரார். இறைவன் அவர்கள்மீது விரித்த மேகங்களே அக்குடில்கள் என்றனர் மற்றவர். அவர்களுக்கு மேகம் நிழலிட்ட செய்தியை மன்னு, ஸல்வாவுடன் சேர்த்து நாமும் சூரத்துல் பகராவில் (2:57) ஓதுகிறோம்.

யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவிலேயே பலர் குடில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இடையில் இருப்பது நான்கே நாள்.

சுவரைப் பற்றி அவர்களின் சட்டம் அதிகம் கவலைப்படுவதில்லை. பலகை, தகரம், துணி எதுவாகவும் இருக்கலாம். சாதாரணக் காற்றுக்குத் தாங்கினால் போதும். இரண்டு சுவரும் மூன்றாவதில் ஒரு சிறு பகுதியும் இருந்தாலே குடில் செல்லும். கண்டிப்பெல்லாம் கூரையில்தான். மண்ணில் விளைந்து, வெட்டியெடுக்கப்பட்ட ஓலை, நாணல், மூங்கில் போன்றவையே கூரையாகும். மரத்தோடு ஒட்டியிருக்கும் கொடியை வளைத்து மூடினால் செல்லாது. படுப்பதற்காகப் பின்னிய பாயும் ஆகாது. கூரைக்கென்றே பின்னிய பாய் ஆகும். இந்த நுணுக்கம் நமது ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒட்டகத்தின் முதுகில் கட்டிய குடில் செல்லுமா என்றுகூட மிஷ்னா பேசுகிறது. செல்லுமாம்!

உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும். ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிவது நல்லது. உயரம் இருபது முழத்தைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் போனால் கூரை கண்ணில் படாது, கீழே விழுவது சுவரின் நிழலாகவே இருக்கும் என்பது காரணம். மரத்தடியிலோ மற்றொரு கூரைக்குக் கீழேயோ கட்டவும் கூடாது. இதற்காகவே ஜெரூசலத்தின் சில அடுக்குமாடிகளில் ஒரு பால்கனிக்கு நேர் மேலே இன்னொன்று வராதபடி தள்ளித் தள்ளி அமைத்திருக்கிறார்கள்.

ஒழுகும் கூரைதானே, மழை வந்தால்? தட்டிலுள்ள கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம்.

ஃபலஸ்தீனின் நாப்லுஸ் நகருக்கு மேலே, கெரிஸீம் மலையில் வாழும் சாமிரிகளோ குடிலை வீட்டுக்குள்ளேயே கட்டுகிறார்கள். பைஸாந்தியர் ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி உள்ளே கொண்டுவந்த வழக்கம் இது என்பது அவர்களின் கூற்று. ஓலைக்கு அடியில் மாதுளை, நாரத்தை, ஆப்பிள் என்று பழங்களை நெருக்கமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுவதும் பழம்தான்.