தூர்மலேயின் உலைக்களம்

1910 ஜூலை 21. பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி நீளும் பிரெனே மலைத்தொடரின் ஓபிஸ்க் கணவாயில், பத்திரிகையாளர்கள் சிலர் காத்து நிற்கிறார்கள். தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வீரர்கள் அதிகாலை மூன்றரை மணிக்கு லூஷோன் என்ற ஊரிலிருந்து கிளம்பியவர்கள். பெய்ரசூர்த், ஆஸ்பன், தூர்மலே ஆகிய மூன்று கணவாய்களைத் தாண்டி நான்காவதான ஓபிஸ்குக்கு வரவேண்டும். வந்துசேர வேண்டிய நேரம் கடந்தும் யாரையும் காணோம். கடைசியில் தள்ளாடியபடி ஒருவர் வருகிறார். பெயர் லாஃபூர்காத். பெரிய அணி எதையும் சேராத, அதே பகுதியைச் சேர்ந்த வீரர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு அவரிடமிருந்து ஒரு முனகல் மட்டுமே வந்தது. கால்மணி நேரம் கழித்து ஒக்தாவ் லாபிஸ், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நின்றிருந்த பந்தய அமைப்பாளர்களைப் பார்த்து அவர் கத்திய சொல் இன்றுவரை பிரெஞ்சு விளையாட்டு வரலாற்றில் நிலைத்திருக்கிறது: 'கொலைகாரர்கள்!'

அந்தச் சொல்லை அவர் எந்த இடத்தில், எந்த வாக்கியத்தோடு சேர்த்துச் சொன்னார் என்பதில் பல வடிவங்கள் உண்டு. யாரை நோக்கிச் சொன்னார் என்பதில் ஐயமில்லை. மலையையோ பாதையையோ அவர் ஏசவில்லை. பிரெனேயின் சாலைகளைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட வீரகாவியங்கள் பெரும்பாலும் மலையின் கொடூரத்தைப் பாடுகின்றன. லாபிஸின் விரல் மனிதர்களைச் சுட்டியது. இந்தச் சாலைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த விரல் சரியான திசையில்தான் நீண்டிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சாலையைப் பார்ப்போம். இந்தக் கணவாய்கள் மேய்ப்பர்களின் தடங்களாக இருந்தவை. கோடையில் ஆட்டுமந்தைகள் மேட்டுப் புல்வெளிகளுக்கு ஏறும், பனி தொடங்குமுன் இறங்கும். அதற்குமேல் அங்கே யாருக்கும் வேலையில்லை, வெந்நீர் ஊற்றுகள் மட்டும் இல்லாதிருந்தால். பரேஜ், ஓபோன், லூஷோன் போன்ற ஊர்களின் கந்தக ஊற்றுகள் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. 1670களில், பதினான்காம் லூயி மன்னனின் மகனான மேன் கோமகன் என்ற ஊனக்கால் சிறுவனை, அவனை வளர்த்த மதாம் தெ மேந்தனோன் பரேஜ் ஊற்றுக்கு அழைத்துச் சென்றார். வழக்கமான பள்ளத்தாக்குப் பாதையை விட்டு, தூர்மலேயைத் தாண்டியே அவர்கள் போனதாகச் சொல்வார்கள்.

வண்டிகள் போகக்கூடிய சாலை அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1860களில் மூன்றாம் நெப்போலியனின் அரசு, ஊற்று ஊர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கணவாய்களின் மேலேயே ஒரு நீண்ட பாதையை அமைத்தது. 'வெந்நீர்ச் சாலை' என்றே அதற்குப் பெயர். ஓபோன் ஊற்றின்மீது பேரரசி யூஜெனிக்கு இருந்த பிரியம் இதற்கு உதவியது. இன்று உலகெங்கிலுமிருந்து சைக்கிள்காரர்கள் வந்து தொடையைக் கொடுத்து ஏறும் ஓபிஸ்க், தூர்மலே, ஆஸ்பன், பெயரசூர்த் என்ற வரிசை பந்தயத்துக்காக யாரும் கண்டுபிடித்ததன்று. குதிரைவண்டியில் நோயாளிகள் போவதற்காக வெட்டப்பட்ட சாலை அது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குதிரை இழுக்கவேண்டும் என்பதால்தான் ஏற்றம் ஓரளவு சீராக இருக்கிறது. சேந்த் மரி தெ காம்பான் கிராமத்திலிருந்து தூர்மலே உச்சி 17 கிலோமீட்டர். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். உச்சியின் உயரம் 2115 மீட்டர்.

நோயாளிகளின் சாலை எப்படி வீரர்களின் சாலையாயிற்று? ஒரு பத்திரிகையின் விற்பனையால். மஞ்சள் தாளில் அச்சான 'லோதோ' என்ற விளையாட்டு நாளிதழ் தன் போட்டியாளரை முறியடிப்பதற்காக 1903இல் தொடங்கியதே தூர் தெ பிரான்ஸ். ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்ச். ஆண்டுதோறும் வாசகனுக்குப் புதிதாக ஏதேனும் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. 1905இல் வோஜ் மலையில் ஒரு கணவாயைச் சேர்த்தார்கள். 1910இல் பிரெனேயைச் சேர்க்கலாம் என்று சொன்னவர் அவருடைய உதவியாளர் அல்ஃபோன்ஸ் ஸ்தெய்னெஸ். தெகிராஞ்ச் தயங்கவே, தானே போய்ப் பார்த்துவருவதாகக் கிளம்பினார்.

ஸ்தெய்னெஸின் கதை எல்லோராலும் சொல்லப்படுவது. தூர்மலேயில் காரைப் பனி மறித்தது. காரை விட்டிறங்கி இருட்டில் நடந்தார். வழிதவறி விழுந்து எழுந்து, பின்னிரவில் பரேஜ் பக்கம் தேடிவந்தவர்களிடம் சேர்ந்தார். விடிந்ததும் பாரிசுக்குத் தந்தி கொடுத்தார்: தூர்மலேயைத் தாண்டினேன், சாலை மிக நன்று, தாராளமாகப் போகலாம் என்ற பொருளில். அவரே பின்னாளில் சிரித்துச் சொல்லி, எல்லோரும் சிரித்து மகிழும் பொய் இது. ஆனால் அந்தத் தந்தியின் பேரில் வீரர்களை மலைமேல் அனுப்பினார்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் நாமும் சிரிக்கிறோம். பிரெனே அறிவிப்பு வந்ததும் பல வீரர்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். கரடிகள் உண்டு என்ற பேச்சும் பரவியது. மிஞ்சியவர்களில் 110 பேர் பாரிசிலிருந்து புறப்பட்டார்கள். பந்தயத்தை முடித்தவர்கள் 41 பேர். லூஷோனிலிருந்து பாயோன்வரை அன்று ஓட்டவேண்டிய தூரம் 326 கிலோமீட்டர். முதலில் சேர்ந்த லாபிஸுக்கே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆம், கத்தியவர்தான் அன்று வென்றார். அந்த ஆண்டுப் பந்தயத்தையும் நான்கு புள்ளி வித்தியாசத்தில் அவரே வென்றார். தெகிராஞ்ச் அன்று மலையில் இல்லை. உடல்நலமில்லை என்று பொறுப்பை விக்தோர் ப்ரேயே என்ற சக பத்திரிகையாளரிடம் விட்டுவிட்டு விலகியிருந்தார்.

இனி வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் கொடுமையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ப் பழைய சைக்கிளில் பின்சக்கரத்தில் ஒரே பல்சக்கரம் இருக்குமல்லவா, ஏறக்குறைய அப்படிப்பட்ட வண்டியில்தான் அவர்கள் மலையேறினார்கள். பின்சக்கரத்தின் மறுபுறம் வேறு அளவில் இன்னொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் பூட்டவேண்டும். அவ்வளவுதான் கியர். பெரும்பாலோர் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினார்கள். தூர்மலேயைக் கால் ஊன்றாமல் ஏறிய குஸ்தாவ் கரிகூவுக்கு 100 பிராங்க் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தொழில்நுட்பம் போலும் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. 1902இலேயே பிரான்சின் சுற்றுலாச் சங்கம் சைக்கிள்களைச் சோதிப்பதற்காக இதே தூர்மலேப் பக்கம் ஒரு போட்டி நடத்தியது. அதில் மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் வண்டியில் ஏறி, ஒற்றைக் கியரில் வந்த தேர்ந்த வீரரைத் தோற்கடித்ததாகச் சைக்கிள் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கியர் மாற்றும் கருவி இருந்தது, மலையில் வேலையும் செய்தது. தெகிராஞ்ச் இதை அறிந்தே இருந்தார். கியரெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு என்று அவர் எழுதினார். தசையால் வெல்வதே வெற்றி என்பது அவர் கொள்கை. தன் பந்தயத்தில் கியர் மாற்றியை அவர் எதிர்த்தே வந்தார்.

அவருடைய இன்னொரு விதி, வண்டி பழுதானால் வீரனே சரிசெய்யவேண்டும், பிறர் கை படக்கூடாது என்பது. அந்த விதி 1913 ஜூலை 9 அன்று சேந்த் மரி தெ காம்பான் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு பாதை எதிர்த்திசையில், பாயோனிலிருந்து லூஷோனுக்கு. ஓஜேன் கிறிஸ்தோஃப் முந்தைய ஆண்டு இரண்டாமிடம் பெற்றவர். இம்முறை வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூர்மலே உச்சியைத் தாண்டி இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் ஓடியும் இறங்கினார். பின்னால் விட்டுவந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோனார்கள். கிராமத்தில் ஒரு சிறுமி கொல்லன் பட்டறைக்கு வழிகாட்டினாள்.

கிறிஸ்தோஃப் பூட்டுத் தொழில் பழகியவர். அதனால் உலையும் சம்மட்டியும் அவருக்கு அந்நியமல்ல. கொல்லர் வாயால் யோசனை சொல்லலாம், கை வைக்கக்கூடாது. பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று காவல் காத்தார்கள். அவர்களில் ஒருவர் பசிக்கிறது, வெளியே போய்வரட்டுமா என்று கேட்டதற்கு, கரியைத் தின்னுங்கள், நான் உங்கள் கைதி, நீங்கள் கடைசிவரை என் சிறைக்காவலர்கள் என்று கிறிஸ்தோஃப் பதில் சொன்னதாக ஒரு கதை. மூன்று மணி நேரம் போல இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டவைத்தார். ஒரு கை இரும்பையும் மறுகை சம்மட்டியையும் பிடித்திருக்கையில் துருத்தி ஊத மூன்றாவது கை வேண்டுமே. பட்டறையில் நின்ற ஏழு வயதுப் பையன் துருத்தியை அழுத்தினான்.

அது விதிமீறல். பத்து நிமிடம் தண்டனை விதித்து, பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை இழந்துவிட்ட மனிதனுக்கு மூன்று நிமிடத் தண்டனை! அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மீதமிருந்த ஆஸ்பனையும் பெய்ரசூர்தையும் ஏறி, லூஷோன் போய்ச் சேர்ந்தார். பந்தயத்தை ஏழாவதாக முடித்தார். 1919இல் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை வரலாற்றிலேயே முதலாவதாக அணிந்தவரும் அவர்தான். அப்போதும், பாரிஸ் நெருங்கும் வேளையில், ஃபோர்க் மறுபடி முறிந்தது. தூர் தெ பிரான்ஸை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை.

இந்தக் கதை 'லோதோ'வுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லவேண்டியதில்லை. விதி உண்டாக்கிய துயரத்தை அதே பத்திரிகை அடுத்த நாள் வீரமாக விற்றது. இந்த மலைப்பாதைக்கு 'மரண வளையம்' என்று பெயர் சூட்டியதும் பந்தயச் செய்தியாளர்களே. அதில் பல நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்தவர்களுக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போனவர்களுக்கும் அப்படியொரு பெயர் தோன்றியதில்லை.

லாபிஸ் முதல் உலகப்போரில் விமானியாகி, 1917 ஜூலை 14 அன்று, பிரான்சின் தேசிய நாளில், வானில் சுடப்பட்டு இறந்தார். 1910இல் நான்கு புள்ளியில் தோற்ற ஃபிரான்சுவா ஃபபேர் 1915இல் போர்க்களத்தில் மாண்டார். தெகிராஞ்ச் நோயுற்று விலகிய பின், 1937இல் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது. மார்த் எஸ் ஏறிய மலைக்குப் பெண்களின் தூர் தெ பிரான்ஸ் 2023இல் வந்தது. ஜூலை 29 அன்று மூடுபனியில் தூர்மலே உச்சியை முதலில் எட்டியவர் நெதர்லாந்தின் தெமி ஃபொல்லரிங்.

சேந்த் மரி தெ காம்பானில், பட்டறை இருந்த இடத்தில், கிறிஸ்தோஃபின் நினைவாக 1951இல் ஒரு கல்வெட்டு பதித்தார்கள். விழாவுக்கு அவரும் வந்திருந்தார், வயது அறுபத்தாறு. 2014இல் சிலையும் வைத்தார்கள்: முறிந்த ஃபோர்க்கை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். துருத்தி ஊதிய பையனுக்குச் சிலை இல்லை.